ஸ்பின் அலை பெஞ்சில் சிக்னல் வரவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

வேலூர், காட்பாடி வட்டாரத்தில் யிக் (இட்ரியம் இரும்பு கார்னெட்) என்ற காந்தப் பொருளின் மென்படலத்தைக் கம்பியோடு ஒட்டி வைத்து, கம்பியில் மைக்ரோஅலை மின்னோட்டம் விட்டு, ஸ்பின் அலையை, அதாவது படலத்துக்குள் ஓடும் காந்த அலையை, கிளப்பிப் பார்க்கும் மாணவர்களுக்கான வழிமுறை இது. சிக்னல் வராத நாளில் "படலம் போச்சு, புதுசு வாங்கணும்" என்ற முடிவுக்குத்தான் எல்லோரும் முதலில் வருவார்கள். பெரும்பாலும் படலத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. காந்தப் புலத்தின் திசை மாறியிருக்கும், கம்பியின் வார்னிஷ் சுரண்டாமல் விட்டிருக்கும், அல்லது சிக்னல் இருந்தும் பின்னணிக்குள் புதைந்திருக்கும். அதனால் செலவில்லாத சோதனைகள் முன்னே, காசு கேட்கும் சோதனைகள் பின்னே.

கீழே வரும் எண்கள் எல்லாம் இந்த அமைப்புக்கானவை: 0.5 மி.மீ. ஜி.ஜி.ஜி. (கடோலினியம் காலியம் கார்னெட்) தளத்தின் மேல் வளர்த்த 5 மைக்ரான் தடிமன் யிக் பட்டை. அதன் கீழே 5 மி.மீ. இடைவெளியில் இரண்டு ஆன்டெனா கம்பிகள். கம்பி எஸ்.டபிள்யூ.ஜி. (கம்பித் தடிமன் எண்) 47 எனாமல் செம்புக் கம்பி, அதாவது ஏறக்குறைய 50 மைக்ரான். ஒவ்வொரு கம்பியின் ஒரு முனை பலகையின் மைக்ரோஸ்ட்ரிப் தடத்தில் (மைக்ரோஅலை செல்லும் செம்புத் தடம்), மறுமுனை தரைத் தளத்தில் சால்டர் செய்தது. சுற்றிலும் மின்காந்தம், புலத்தை அளக்கும் ஒரு காஸ்மீட்டர், 6 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் வி.என்.ஏ. (ஒரு முனையில் அனுப்பிய மைக்ரோஅலையில் மறுமுனைக்கு எவ்வளவு வருகிறது என்று அளக்கும் கருவி). உங்கள் படலத்தின் தடிமனோ இடைவெளியோ வேறாக இருந்தால் எண்கள் மாறும், சோதனை வரிசை மாறாது.

முதலில் செய்ய வேண்டிய ஒரே சோதனை

எந்த அறிகுறியாக இருந்தாலும் இதைச் செய்துவிட்டுத்தான் அடுத்தது. புலத்தை 10 ஓர்ஸ்டெட் மட்டும் ஏற்றுங்கள். 500 ஓர்ஸ்டெட்டை ஒட்டி வேலை செய்தால், ஸ்பின் அலை வரும் அதிர்வெண் பட்டையின் கீழ் விளிம்பு சுமார் 36 மெகாஹெர்ட்ஸ் மேலே போக வேண்டும். 1000 ஓர்ஸ்டெட்டை ஒட்டி என்றால் சுமார் 32 மெகாஹெர்ட்ஸ். புலத்தோடு இந்த அளவில் நகர்வது யிக். நகராதது கேபிள், பெட்டி, கனெக்டர். வேறு அளவில் நகர்வது வேறு ஒரு காந்தப் பொருள். இந்த மூன்றில் எது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

எங்கே தேட வேண்டும் என்ற கணக்கையும் பெஞ்சின் மேல் ஒட்டி வையுங்கள். யிக்கின் காந்தமாக்கம் அறை வெப்பத்தில் 1750 காஸ். புலம் படலத் தளத்திலேயே, கம்பிக்கு இணையாக இருந்தால் பரப்பு அலைகள் (படலத்தின் முகத்தை ஒட்டி ஓடும் ஸ்பின் அலைகள்) வரும். 500 ஓர்ஸ்டெட்டில் அவை 2.97 கிகாஹெர்ட்ஸில் தொடங்கும். கணக்குப்படி 3.85 வரை போகலாம், ஆனால் 50 மைக்ரான் கம்பி அதைவிடக் குட்டையான அலைநீளத்தைக் கிளப்பாது என்பதால் 3.6 வாக்கில் மங்கிவிடும். 1000 ஓர்ஸ்டெட்டில் தொடக்கம் 4.64, உச்சவரம்பு 5.25. புலம் கம்பிக்குக் குறுக்கே இருந்தால் அலை அதே தொடக்க எண்ணுக்குக் கீழே வரும், அதுவும் பலவீனமாக.

அறிகுறி 1: எஸ்21-இல் (முதல் கம்பியிலிருந்து இரண்டாவதற்கு வரும் சிக்னலில்) ஒன்றுமே தெரியவில்லை

கம்பியில் மின்னோட்டம் போகிறதா?

வி.என்.ஏ.-யைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். எஸ்.எம்.ஏ. கனெக்டரின் நடு முள்ளுக்கும் உடலுக்கும் இடையே 1 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். திறந்திருப்பதாகக் காட்டினால் கம்பி அறுந்திருக்கிறது, அல்லது எனாமல் போகவில்லை. சால்டர் பளபளப்பாகக் கம்பியைச் சுற்றி நின்றாலும் உள்ளே வார்னிஷ் அப்படியே இருக்கலாம். கண்ணை நம்பாமல் மீட்டரை நம்புங்கள். இரண்டு முனைகளையும் பிளேடால் சுரண்டி, ஈயம் பூசிய பிறகே தடத்தில் ஒட்டுங்கள். 50 மைக்ரான் கம்பியைச் சுரண்டும்போது அறுவது சகஜம். ஐந்தாறு துண்டுகளை முன்கூட்டியே தயார் செய்து வைத்தால் நடுவில் வேலை நிற்காது.

மீட்டர் 20, 30 ஓம் காட்டினால் சால்டர் பிடிப்பு சரியில்லை. அதோடு அளக்க வேண்டாம், மறுபடி ஒட்டுங்கள்.

மீட்டர் சரி என்றால் படலம் கம்பியின் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். கம்பியின் மறுமுனை தரையோடு குறுக்கிணைந்திருப்பதால் (ஷார்ட்) மின்னோட்டம் அங்கேதான் உச்சம். அங்கிருந்து கால் அலைநீளம் பின்னால் வந்தால் மின்னோட்டம் பூச்சியம். சாதாரண எஃப்.ஆர்.4 பலகையில் 3 கிகாஹெர்ட்ஸில் அந்தத் தூரம் சுமார் 14 மி.மீ. மட்டுமே. தடத்தை நீளமாக விட்டு, வசதிக்காகப் படலத்தை நடுவில் வைத்தால் எல்லாம் சரியாக இருந்தும் சிக்னல் இருக்காது. குறுக்கிணைப்பிலிருந்து 2, 3 மி.மீ.-க்குள் வையுங்கள்.

படலம் கவிழ்ந்திருக்கிறதா?

யிக் முகம் கம்பியைத் தொட வேண்டும். ஜி.ஜி.ஜி. முகம் கீழே இருந்தால் படலம் அரை மில்லிமீட்டர் தள்ளிப் போய்விடுகிறது. குட்டை அலைகள் அந்த இடைவெளியைத் தாண்டாது. அப்படிக் கவிழ்ந்தால் சிக்னல் முழுக்கப் போகாது. 2.97-ஐ ஒட்டி ஒரு ஒல்லியான கூர்முனை மட்டும் மிச்சம் இருக்கும், அதிர்வெண் பட்டையின் மற்ற பகுதி காணாமல் போயிருக்கும். இந்த வடிவத்தைப் பார்த்தால் வேறு எதையும் தொடாதீர்கள், யிக் துண்டைப் புரட்டிப் போடுங்கள்.

உருகிய கரைசலில் முக்கி வளர்த்த படலங்கள் தளத்தின் இரண்டு பக்கமும் வளர்ந்திருப்பதுண்டு. அப்படியானால் புரட்டினாலும் பெரிய மாற்றம் தெரியாது. பின்முகப் படலம் கீழ் விளிம்பை ஒட்டி இரண்டாவதாக ஒரு மெலிந்த கூர்முனையைக் கொடுக்கும். தொந்தரவு என்றால் பின்முகத்தை மெருகுத் தாளில் தேய்த்து நீக்கலாம். வேலை செய்யும் முகத்தைப் பாதுகாத்துக்கொண்டு, மூலையில் பென்சிலால் அடையாளம் இட்டபின் செய்யுங்கள்.

புலத்தின் திசை சரியா?

கம்பிக்கு இணையாக இருக்க வேண்டிய புலம் 90 டிகிரி திரும்பியிருந்தால் சிக்னல் 2.97-க்குக் கீழே போயிருக்கும். 2.5 முதல் 3 வரை திரையை விரித்துப் பாருங்கள். விளிம்புக்குக் கீழே கிடைத்தால் பலகையைத் திருப்பி வைத்தால் போதும். புலம் படலத்துக்குச் செங்குத்தாக நிற்கிறது என்றால் 1750 ஓர்ஸ்டெட்டைத் தாண்டும்வரை ஒழுங்கான அலை எதுவும் வராது. காந்தத் துருவங்களுக்கு இடையில் பலகையைத் தொங்கவிட்டு வைக்கும் அமைப்புகளில் இந்தத் தவறு சுலபமாக நேர்கிறது.

சிக்னல் பின்னணிக்குள் புதைந்திருக்கிறதா?

இரண்டு கம்பிகளுக்கு இடையே காற்று வழியாகவே மைக்ரோஅலை கசியும். அதன் மேல் ஏறி உட்காரும் சிறிய மாற்றம்தான் ஸ்பின் அலை. புலத்தை 3000 ஓர்ஸ்டெட்டுக்கு ஏற்றுங்கள். அப்போது யிக்கின் அதிர்வெண் பட்டை 6 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே ஓடிவிடும். அந்த அளவீட்டை நினைவகத்தில் சேமித்து, பிறகு 500-க்கு வந்து, சேமித்ததைக் கலப்பெண்களாகவே (அளவும் கட்டமும் சேர்த்து) கழியுங்கள். டெசிபலைக் கழிப்பது வேறு கணக்கு, அது இங்கே உதவாது. வி.என்.ஏ.-யின் ஐ.எஃப். பட்டையகலத்தை (சிறிதாக்கினால் இரைச்சல் குறையும்) 100 ஹெர்ட்ஸுக்கு இறக்கி, 16 முறை சராசரி எடுங்கள். ஒரு கிகாஹெர்ட்ஸ் அகலத்துக்குக் குறைந்தது 1601 புள்ளிகள் வேண்டும். 201 புள்ளிகளில் 5 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு புள்ளிதான் விழும், நுண்ணிய அமைப்பெல்லாம் கலங்கிப் போகும்.

யாரை அழைப்பது?

படலம், பலகை எல்லாவற்றையும் கழற்றி, இரண்டு கேபிள்களையும் நேரடியாக இணைத்து அளவுதிருத்தம் செய்யுங்கள். அதன்பின் எஸ்21 பூச்சியம் டெசிபலில் நேர்கோடாக நிற்காமல் கேபிளை அசைத்தால் குதிக்கிறது என்றால் கேபிளை மாற்றுங்கள். புதுக் கேபிளிலும் ஒரே போர்ட் மட்டும் குதித்தால் அந்தப் போர்ட்டின் உள்முனை தேய்ந்திருக்கிறது. அது தயாரிப்பாளரின் சேவை மையத்துக்குப் போக வேண்டிய வேலை. உள்ளே திறக்காதீர்கள். இந்த நிலை வராமல் இருக்க டார்க் ஸ்பேனர் (குறித்த முறுக்குவிசைக்கு மேல் இறுக்காத ஸ்பேனர்) வாங்கி வையுங்கள்: பித்தளை எஸ்.எம்.ஏ.-வுக்கு 0.56, எஃகுக்கு 0.9 முதல் 1 நியூட்டன் மீட்டர். கட்டிங் பிளேயரால் முறுக்குவது போர்ட்டைக் கொல்லும்.

அறிகுறி 2: மேடு தெரிகிறது, ஆனால் அது ஸ்பின் அலைதானா என்று சந்தேகம்

புலத்தோடு நகரவே இல்லை என்றால் பெட்டியின் ஒத்ததிர்வு. உலோகப் பெட்டியின் மூடியைத் திறந்து மூடினால் இடம் மாறும். மைக்ரோஅலை உறிஞ்சும் நுரைத் துண்டு ஒன்றை மூடியின் உட்புறம் ஒட்டினால் அடங்கும்.

நகர்கிறது, ஆனால் அளவு ஒத்துவரவில்லை என்றால் நிக்கல். இது பலரை வாரக்கணக்கில் அலைக்கழிக்கும் பிழை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பலகை செய்து தரும் கடைகளில் "கோல்டு ஃபினிஷ்" கேட்டால், தங்கத்துக்கு அடியில் சில மைக்ரான் நிக்கல் பூசித்தான் தருவார்கள். நிக்கலும் காந்தம்தான். பூச்சில் பாஸ்பரஸ் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் காந்தத்தன்மை கூடும், குறையும். அதனால் ஒரே கடையின் இரண்டு தொகுதிப் பலகைகள்கூட இரண்டு விதமாக நடக்கும். காந்தமாக்கம் 6000 காஸை ஒட்டிய சுத்த நிக்கல் என்றால் 500 ஓர்ஸ்டெட்டில் 5 கிகாஹெர்ட்ஸ் வாக்கில் நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு ஒரு தாழ்வைக் கொடுக்கும். யிக் கூர்மையாக நிற்கும், நிக்கல் படுத்துக் கிடக்கும். படலத்தை எடுத்துவிட்டு அதே அளவீட்டைத் திரும்பச் செய்யுங்கள். படலம் இல்லாமலும் புலத்தோடு ஏதாவது நகர்ந்தால் குற்றவாளி பலகையோ கனெக்டரோதான். 3000 ஓர்ஸ்டெட்டில் எடுத்த பின்னணியைக் கழித்தாலும் இது போகாது, ஏனென்றால் அந்தப் பின்னணியிலும் நிக்கல் இடம் மாறிக் கிடக்கிறது.

தீர்வு, பலகையை வெறும் செம்பாகவோ வெள்ளிப் பூச்சாகவோ கேட்டு வாங்குவது. எஸ்.எம்.ஏ. கனெக்டரும் அப்படித்தான். சென்னை ரிச்சி தெருவில் வாங்கி வந்தாலும் இணையத்தில் வாங்கினாலும், ஒரு சிறு நியோடிமியம் காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு ஒவ்வொரு கனெக்டரின் பக்கத்திலும் கொண்டுபோங்கள். காந்தம் சாய்ந்தால் அந்தக் கனெக்டரைத் தனியே வையுங்கள். திருகாணிகளையும் விட வேண்டாம். 304 எஃகு காந்தம் ஒட்டாது என்பார்கள். குளிர்நிலையில் மரை வெட்டிய 304 திருகாணி கொஞ்சம் ஒட்டும். படலத்திலிருந்து 20 மி.மீ.-க்குள் பித்தளை அல்லது நைலான் திருகாணி மட்டுமே.

அறிகுறி 3: சிக்னல் சீப்புப் பல் போல வரிவரியாக வருகிறது

வரிகளுக்கு இடையே உள்ள இடைவெளியை அளந்தால் காரணம் தானே தெரியும்.

5 மைக்ரான் யிக்கில் 500 ஓர்ஸ்டெட்டில் பட்டைத் தொடக்கத்தை ஒட்டிய அலை நொடிக்குச் சுமார் 64 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 5 மி.மீ. கடக்க ஏறக்குறைய 80 நானோ நொடி. காற்றில் கசியும் மைக்ரோஅலை ஒரு நானோ நொடிக்கும் குறைவாக வந்துவிடுகிறது. இந்த இரண்டும் மோதும்போது வரும் வரி இடைவெளி சுமார் 12.5 மெகாஹெர்ட்ஸ்.

இடைவெளி 12.5-ஐ ஒட்டி இருந்தால்: பிழை இல்லை, நல்ல சகுனம். கசிவு அதிகம் என்று மட்டும் அர்த்தம். இரண்டு கம்பிகளுக்கு நடுவே பலகையில் தரைத் தளத்தோடு இணைந்த துளைகளை வரிசையாகப் போட்டால் குறையும். அல்லது வி.என்.ஏ.-யின் நேரத்தள வசதியை (சிக்னலை வந்துசேரும் நேரத்தால் பிரித்துக் காட்டுவது) திறந்து 20 நானோ நொடிக்கு முன்னால் வருவதை வெட்டி எறியுங்கள். இந்த வரிகளிலிருந்தே அலையின் வேகத்தைக் கணக்கிடலாம் என்பது கூடுதல் லாபம்.

இடைவெளி அதில் பாதி, 6 மெகாஹெர்ட்ஸ் வாக்கில் இருந்தால்: அலை ஒரு கம்பியிலிருந்து மற்றதற்குப் போய், திரும்பி, மறுபடி போகிறது. கம்பி அலையின் சக்தியை அதிகமாக உறிஞ்சித் திருப்புவதால் வருவது. படலத்துக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு மெல்லிய மைலார் தாள் செருகினால் பிணைப்பு தளர்ந்து அடங்கும்.

இடைவெளி ஒழுங்கில்லாமல் இருந்தால்: யிக் துண்டின் முனைகளிலிருந்து எதிரொலி. முனைகள் கம்பிக்குச் சரியாக இணையாக வெட்டப்பட்டிருந்தால் கண்ணாடி போலத் திருப்பி அடிக்கும். 45 டிகிரி சாய்வாக வெட்டிக்கொள்வதுதான் நிரந்தர வழி. வெட்ட முடியாதபோது முனையின் மேல் ஒரு சிறு நிரந்தரக் காந்தத் துண்டை வைத்தால் அந்த இடத்தில் புலம் மாறி அலை அங்கே கரைந்துபோகும். காந்தம் கம்பிகளை நெருங்கிவிடக் கூடாது.

அறிகுறி 4: காலையில் ஓரிடம், மத்தியானம் வேறிடம்

கத்திரி வெயில் நாட்களில் இது வராத பெஞ்ச் இல்லை. ஏ.சி. டிரிப் ஆகி மறுபடி ஓடத் தொடங்குவதற்குள் அறை ஐந்தாறு டிகிரி ஏறிவிடும். காரணம் படலமா, காந்தமா என்று பிரிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது: அதிர்வெண் பட்டையின் இரண்டு முனைகளையும் பாருங்கள்.

படலம் சூடானால் யிக்கின் காந்தமாக்கம் டிகிரிக்குச் சுமார் 0.2 சதவீதம் குறையும். 500 ஓர்ஸ்டெட்டில் கீழ் விளிம்பு டிகிரிக்கு 2.3 மெகாஹெர்ட்ஸ் இறங்கும், மேல் முனை அதைப்போல ஏறக்குறைய இருமடங்கு இறங்கும். புலம் நழுவினால் நேர்மாறு: ஓர்ஸ்டெட்டுக்குக் கீழ் விளிம்பு 3.6, மேல் முனை 2.8 மெகாஹெர்ட்ஸ். எனவே மேல் முனை அதிகம் நகர்ந்தால் வெப்பம், கீழ் விளிம்பு அதிகம் நகர்ந்தால் புலம்.

வெப்பம் என்றால் பலகையை ஒரு தெர்மோகோல் பெட்டிக்குள் மூடி, கம்பிக்குப் பக்கத்தில் தெர்மோகப்பிள் ஒன்றை ஒட்டி, வெப்பத்தையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். வி.என்.ஏ. குறைந்தது ஒரு மணி நேரம் சூடான பிறகே அளவுதிருத்தம். ஏ.சி. காற்று நேராகப் பலகை மேல் அடிக்கக் கூடாது.

புலம் என்றால் மின்வழங்கி நிலையான மின்னழுத்த நிலையில் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். சுருள் சூடாகும்போது செம்பின் தடை டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும், அதே அளவு மின்னோட்டம் குறையும். 500 ஓர்ஸ்டெட்டில் அது டிகிரிக்கு 2 ஓர்ஸ்டெட், அதாவது 7 மெகாஹெர்ட்ஸ். நிலையான மின்னோட்ட நிலைக்கு மாற்றினால் முடிந்தது. அதன்பிறகும் நழுவினால் காஸ்மீட்டரின் ஹால் முள் இடம் பெயர்ந்திருக்கிறதா, பூச்சியம் சரியாக இருக்கிறதா பாருங்கள். பூச்சியம் பார்க்க முள்ளை அதற்கென்று கொடுத்த காந்தக் காப்புக் குழாயில் நுழைக்க வேண்டும். வெறுமனே மேசையில் வைத்துப் பூச்சியமாக்கினால் பூமியின் புலமும் உள்ளே வந்துவிடும். நம் பக்கத்தில் அது சுமார் 0.4 ஓர்ஸ்டெட், காந்த நடுவரை அருகில் இருப்பதால் பெரும்பகுதி கிடைமட்டமாக வடக்கு நோக்கி. ஸ்பின் அலையில் அது ஒன்றரை மெகாஹெர்ட்ஸ் பிழை.

புலத்தை ஏற்றி இறக்கும்போது மட்டும் வேறுபாடு வந்தால் அது துருவ இரும்பின் நினைவு. எப்போதும் 3000-க்கு ஏற்றி, அங்கிருந்து இறங்கி வந்தே அளவிடுங்கள்.

நீர் குளிர்விப்புள்ள காந்தத்தில் நீரோட்டம் மாதா மாதம் குறைந்துகொண்டே வந்தால் சுருள் குழாயில் உப்புப் படிகிறது. பாலாற்றங்கரை ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று வீட்டில் கெய்சர் வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூடிய சுற்றில் காய்ச்சி வடித்த நீர் மட்டுமே விட வேண்டும். ஏற்கெனவே படிந்துவிட்டால் ஆசிட் ஊற்றிக் கழுவும் வேலையை நீங்களே செய்யாதீர்கள். காந்தம் விற்றவரையோ, சில்லர் மெக்கானிக்கையோ அழையுங்கள். குழாய் ஓட்டையானால் சுருளே போகும்.

அறிகுறி 5: ஆற்றலை ஏற்றினால் சிக்னல் குறைகிறது

எஸ்21 ஒரு விகிதம். ஆற்றலை ஏற்றினாலும் இறக்கினாலும் மாறக் கூடாது. 500 ஓர்ஸ்டெட்டில் மைனஸ் 20 டி.பி.எம்.-இல் (ஒரு மில்லிவாட்டைப் பூச்சியமாகக் கொண்ட டெசிபல்) ஒரு மதிப்பும் பூச்சியம் டி.பி.எம்.-இல் அதைவிடக் குறைந்த மதிப்பும் வந்தால், கருவியில் கோளாறு தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒரு மேக்னான் (ஸ்பின் அலையின் துகள்) பாதி அதிர்வெண்ணுள்ள இரண்டாகப் பிளந்து சக்தியைக் கொண்டுபோகிறது. பூச்சியம் டி.பி.எம். அதிகமில்லை என்று தோன்றும். ஆனால் குறுக்கிணைத்த கம்பியில் அது உச்சமாக 12 மில்லி ஆம்பியரைத் தாண்டுகிறது. 50 மைக்ரான் அகலத்துக்கு அது ஓர் ஓர்ஸ்டெட்டுக்கும் மேலான ஊசல் புலம். ஒத்ததிர்வின் அகலமே அரை ஓர்ஸ்டெட்தான் என்ற படலத்துக்கு அது பெரிய அடி.

உறுதிப்படுத்த, புலத்தை 1000-க்குக் கொண்டுபோங்கள். தளப் புலத்தில் சுமார் 875 ஓர்ஸ்டெட்டுக்கு மேல் பரப்பு அலை இந்த வகையில் பிளவதற்கு இடமே இல்லை. அங்கே குறைவு மறைந்தால் காரணம் இதுதான். 1000-லேயே வேலை செய்யுங்கள், அல்லது ஆற்றலை மைனஸ் 25-க்கு இறக்கிச் சராசரியைக் கூட்டுங்கள். 1000-லும் தொடர்ந்தால் இடையில் பெருக்கி ஏதாவது இருக்கிறதா, அது நிறைவுறுகிறதா என்று பாருங்கள்.

அறிகுறி 6: எஸ்21 பலமாக, எஸ்12 பலவீனமாக

பழுது என்று நினைக்க வேண்டாம். டேமனும் எஷ்பாகும் 1961-இல் கணக்கிட்டுக் காட்டிய பரப்பு அலையின் இயல்பு இது: ஒரு திசையில் போகும் அலை படலத்தின் ஒரு முகத்தையும், எதிர்த் திசையில் போவது மறுமுகத்தையும் ஒட்டிப் போகும். காந்த மின்வழங்கியின் துருவத்தை மாற்றுங்கள். பலமும் பலவீனமும் இடம் மாறினால் எல்லாம் நலம். மாறவில்லை என்றால் ஒரு கம்பியின் சால்டரோ ஒரு கேபிளோ சரியில்லை. அறிகுறி 1-க்குத் திரும்புங்கள்.

அறிகுறி 7: கோடு நடுங்குகிறது, கூர்முனை அகன்று தெரிகிறது

காந்த மின்வழங்கியில் 50 அல்லது 100 ஹெர்ட்ஸ் அலைவு இருந்தால் அரை ஓர்ஸ்டெட் அகலக் கூர்முனைகூடப் பூசி மெழுகினாற்போல ஆகிவிடும். காந்தத்தை நிறுத்திவிட்டு, இரண்டு நிரந்தரக் காந்தங்களை வைத்து அதே அளவீட்டை எடுங்கள். கூர்மை திரும்பினால் மின்வழங்கியின் கப்பாசிட்டர்களை மாற்ற வேண்டும். அதை மின்வழங்கி பழுது பார்ப்பவரிடம் விடுங்கள். அணைத்த பிறகும் உள்ளே மின்னேற்றம் நிற்கும் இடம் அது.

நிரந்தரக் காந்தத்திலும் நடுங்கினால் சுற்றுப்புறத்தைப் பாருங்கள். காட்பாடி சந்திப்பைக் கடக்கும் தடங்களில் 25 கிலோவோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓடுகிறது. தண்டவாளத்துக்குப் பக்கத்துக் கட்டடம் என்றால் காஸ்மீட்டரை ஒரு மணி நேரம் பதிவு ஓட்டத்தில் வைத்து, குதிப்புகள் ரயில் நேரத்தோடு பொருந்துகின்றனவா என்று ஒப்பிடுங்கள். லிஃப்ட், பக்கத்து அறை இரும்பு பீரோ, மேலே சுற்றும் மின்விசிறி ஆகியவற்றையும் இதே வழியில் பிடிக்கலாம். ரயில்தான் என்றால் நுண்ணிய அளவீட்டை இரவுக்குத் தள்ளுவதும், லாக்-இன் பெருக்கி (ஒரே அதிர்வெண்ணில் உள்ள சிக்னலை மட்டும் பொறுக்கும் கருவி) இருந்தால் அதன் அதிர்வெண்ணை 50-இன் மடங்கு இல்லாமல் வைப்பதும்தான் வழி. பலர் கை போகும் 1000 ஹெர்ட்ஸ் 50-இன் இருபதாவது மடங்கு. 1237 வையுங்கள்.

வெயில் காலத்தில் மட்டும் நடுக்கம் கூடினால் எர்த்தைச் சந்தேகப்படுங்கள். பாறையும் வறண்ட செம்மண்ணுமான இந்த ஊரில் ஏப்ரல், மே மாதங்களில் எர்த் குழி காய்ந்து தடை ஏறிவிடும். பிளக்கில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டரால் அளங்கள். 2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் குழியில் தண்ணீர் ஊற்றி, மறுநாள் மீண்டும் அளந்து பாருங்கள். இறங்கினால் காரணம் அதுதான். இறங்கவில்லை என்றால் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் மெகர் (எர்த் தடை அளக்கும் மீட்டர்) வைத்து அளக்கச் சொல்லுங்கள். கருவிகளுக்குத் தனி எர்த் போடும்போது 1 ஓமை ஒட்டி வருவது நல்லது. எர்த் முள்ளை உடைத்துவிட்டுக் கருவியை ஓட்டுவதால் இரைச்சல் குறையலாம். உயிருக்கு ஆபத்து, செய்யவே கூடாது.

மின்வெட்டு நேரத்தில் சதுர அலை இன்வெர்ட்டரில் அளவீடு எடுக்காதீர்கள். காந்தத்துக்கு யு.பி.எஸ். இல்லை என்றால் மின்சாரம் திடீரென்று போகும்போது சுருள் எதிர் மின்னழுத்தம் தள்ளும். மின்வழங்கியின் வெளியீட்டில் பாதுகாப்பு டையோடு இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அறிகுறி 8: நேர்மின்னோட்டம் விட்டும் ஒத்ததிர்வின் அகலம் மாறவில்லை

இது பெர்மலாய் (நிக்கல், இரும்புக் கலவை), பிளாட்டினம் இரட்டை அடுக்குப் பட்டையில் ஸ்பின் முறுக்குவிசையை, அதாவது பிளாட்டினத்தில் ஓடும் மின்னோட்டம் பெர்மலாயின் காந்தமாக்கத்தின் மேல் செலுத்தும் விசையை, தேடுபவர்களுக்கு. 5 நானோமீட்டர் பிளாட்டினம், அதன் மேல் 5 நானோமீட்டர் பெர்மலாய், 5 மைக்ரான் அகலம், 50 மைக்ரான் நீளம் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் தடை. சில நூறு ஓம் வர வேண்டும், 400-ஐ ஒட்டி இருந்தால் சரி. திறந்திருந்தால் நிலைமின்சாரம் பட்டையை எரித்திருக்கிறது. கையில் எர்த் பட்டை கட்டாமல் இதைத் தொடக் கூடாது. ஒயர் பாண்ட் செய்யும்போது எல்லா முனைகளையும் ஒன்றாகக் குறுக்கிணைத்து வைத்து, கடைசியில்தான் பிரிக்க வேண்டும்.

தடை சரி என்றால் கோணம். புலம் மின்னோட்டத்துக்கு 45 டிகிரியில் இருக்க வேண்டும். மின்னோட்டத்தோடு இணையாக வைத்தாலும் சரி, செங்குத்தாக வைத்தாலும் சரி, கலப்பு மின்னழுத்தம் (மைக்ரோஅலை மின்னோட்டமும் தடையின் ஊசலும் சேர்ந்து தரும் நேர்மின்னழுத்தம், நாம் அளப்பது இதைத்தான்) பூச்சியமாகிவிடும்.

கோணமும் சரி என்றால் எதிர்பார்ப்பைச் சரிபாருங்கள். 1 மில்லி ஆம்பியரில் பாதி பிளாட்டினத்தில் போனால் சதுர மீட்டருக்கு 2000 கோடி ஆம்பியர். எண் பெரிது, விளைவு சிறிது: அகல மாற்றம் ஒரு சதவீத அளவே. ஒரே அளவீட்டில் அதைப் பார்க்க முடியாது. மைனஸ் 2 முதல் பிளஸ் 2 மில்லி ஆம்பியர் வரை ஒன்பது புள்ளிகள் எடுத்து, அகலத்தை மின்னோட்டத்துக்கு எதிராக வரையுங்கள். பிறகு கிளை பிரியும்.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைந்தால் சூடு. மின்னோட்டத்தின் திசை சூட்டுக்குத் தெரியாது. துடிப்பு மின்னோட்டத்துக்கு மாறுங்கள், அல்லது அளவைக் குறையுங்கள்.

உச்சியின் இடம் நேர்கோட்டில் நகர்ந்து அகலம் அப்படியே இருந்தால், அது மின்னோட்டத்தின் சொந்தக் காந்தப்புலம். 1 மில்லி ஆம்பியர் முழுதும் 5 மைக்ரான் அகலத்தில் ஓடினால் மேற்பரப்பில் சுமார் 1.3 ஓர்ஸ்டெட்.

அகலம் சாய்கோட்டில் மாறி, புலத்தைத் திருப்பினால் சாய்வும் திரும்பினால், தேடியது கிடைத்துவிட்டது.

மூன்றும் இல்லை, தடையும் கோணமும் சரி என்றால், அடுக்குகளுக்கு இடையிலான முகப்பு கெட்டிருக்க வேண்டும். பிளாட்டினத்தைப் பூசிவிட்டு வெற்றிடத்தை உடைத்து, மறுநாள் பெர்மலாய் பூசினால் இடையில் அழுக்கு உட்கார்ந்துவிடும். இதைப் பெஞ்சில் சரிசெய்ய முடியாது. வெற்றிடத்தை உடைக்காமல் இரண்டு அடுக்கையும் பூசக்கூடிய இடத்தில் புதிதாகச் செய்ய வேண்டும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் நானோ அறிவியல் பொறியியல் மையம் வெளியாட்களுக்கும் இந்த வசதியைத் தருகிறது. விண்ணப்பத்தில் அடுக்குகளின் வரிசை, தடிமன், தளத்தின் வகை, மேலே ஆக்ஸிஜனேறாமல் காக்கும் மூடியடுக்கு ஆகிய நான்கையும் எழுதுங்கள். மூடியடுக்கைக் குறிப்பிட மறந்தால் பெர்மலாய் காற்றில் துருவேறிய நிலையில்தான் உங்கள் கைக்கு வரும்.